உண்டபின் நூறு அடி

“உண்ட களைப்புத் தொண்டனுக்கும் உண்டு” என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் அப்பழமொழியை நம்மைக் காட்டிலும் பக்தியோடு கடைப்பிடித்த ஊர் இந்தப் பூனாதான். இங்கே புதிதாகக் குடியேறிய தமிழர் பலர் முதல் வாரத்திலேயே இதை அனுபவித்திருப்பர். நண்பகல் ஒரு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் கதவு சாத்தியிருக்கும். நான்கு மணி வரை திறக்க மாட்டார்கள். தட்டினாலும் பயனில்லை, கடைக்காரர் மாடியில் உறங்கிக்கொண்டிருப்பார். இன்று புதிய வட்டாரங்களில் அவ்வழக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய பேட்டைகளில் அதன் சாயல் இன்னும் உண்டு.

நானும் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த அறத்தைக் காத்தவன். சாம்பார் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று முறையாக உண்டு, கூடத்துத் தரையில் தலையணையைப் போட்டுச் சாய்ந்தால் மாலைத் தேநீரின் மணம்தான் எழுப்பும். அந்த இரண்டு மணி நேரத்தில் என் உடம்பினுள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட கதையை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். நம்முள் வீட்டுக்கு ஒருவருக்காவது இந்நோய் இருக்கிறது. மறைத்துப் பயன் என்ன?

கதை என் தந்தையாரிடமிருந்து தொடங்குகிறது. அவர் 1951-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கூஜாவுமாக இங்கே வந்து இறங்கினார். கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் எழுத்தர் உத்தியோகம். ராஸ்தா பேட்டையில் ஒரு வாடாவின் முதல் மாடியில் இரண்டு அறைகள். அங்கிருந்து கிர்க்கிக்குப் போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு கிலோமீட்டர். முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தத் தொலைவை அவர் சைக்கிளிலேயே கடந்தார். அக்காலத்தில் பூனாவைச் சைக்கிள்களின் நகரம் என்றே அழைப்பார்கள். காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலைகளை நோக்கிச் செல்லும் சைக்கிள் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு ஓடும். மணியோசை கோயில் திருவிழாப்போல் இருக்கும். என் தந்தையார் மெலிந்த உடம்பினர்; ஆனால் அவருடைய கெண்டைக்கால் முறுக்கிய கயிறுபோல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

1985-இல் ஓய்வு பெற்றார். சைக்கிளை முற்றத்துத் தூணில் சாய்த்துவிட்டு, சாய்வு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கலானார். இரண்டே ஆண்டுகளில் நீரிழிவு வெளிப்பட்டது. சைக்கிளை விட்டதனால்தான் நோய் வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். அவருடைய தாயாருக்கும் அந்நோய் இருந்திருக்கலாம். அக்காலத்தில் யார் சோதித்துப் பார்த்தார்கள்? ஆனால் “மெலிந்தவனுக்குச் சர்க்கரை என்ன செய்துவிடும்?” என்று வீட்டில் எல்லோரும் அலட்சியமாக இருந்தோம் என்பது மட்டும் உண்மை. 1991-இல் இடக்கால் பெருவிரலில் ஒரு சிறு புண், செருப்பு கடித்தது. உணர்ச்சி மங்கியிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காத புண்ணை யார் கவனிப்பார்? மூன்று மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. “காலால் மிதித்துச் சம்பாதித்துச் சாப்பிட்டவன் நான், இந்த நோய் காலையே கேட்கிறதே” என்று ஒரு முறை சொன்னார். பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. 1993-இல் காலமானார்.

இவ்வளவையும் கண்ணாரக் கண்ட நான் பாடம் கற்றிருக்க வேண்டும் அல்லவா? கற்கவில்லை. எனக்குக் கணக்குத் துறையில் அரசாங்க உத்தியோகம். 1984-இலேயே ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன். ஆகூர்டியில் செய்யும் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கணக்கில் பெயர் பதிந்து காத்திருந்த காலம் அது, வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது தந்தையார் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதற்கு மிதிக்க வேண்டியதே இல்லையா?” என்று கேட்டார். எவ்வளவு பெருமையோடு இல்லை என்றேன்!

2009-இல் குடலிறக்கத்திற்காகச் சிறு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. முன்னதாகக் குருதியைச் சோதித்தார்கள். வெறும் வயிற்றில் 171; உணவுக்குப் பின் 284. நான் தாள் மாறிவிட்டது என்றே நினைத்தேன். என் உயரம் ஐந்தடி ஆறங்குலம், எடை 59 கிலோ. “டாக்டர், இது பருத்தவர்களுக்கு வரும் நோயல்லவா?” என்றேன். அவர் வயதில் என்னினும் இளையவர்; சிரித்துக்கொண்டே, “சார், சட்டைக் கையை மடக்குங்கள்” என்றார். என் மேற்கையை இரு விரலால் பற்றிப் பார்த்தார்; பிறகு வயிற்றைப் பற்றிப் பார்த்தார். “கை குச்சி, வயிறு சிறு பானை. எடைக் கருவி இரண்டையும் கூட்டித்தானே சொல்லும்? உங்களிடம் குறைவாக இருப்பது தசை” என்றார்.

அன்று முதல் வீட்டில் பெரும் போராட்டம் தொடங்கியது. என் மனைவி அரிசியைப் பகையாகக் கருதி அடுக்களையை விட்டே விரட்டினாள். மூன்று வேளையும் சப்பாத்தி. கோதுமையும் மாவுதான், அதுவும் சர்க்கரையாகத்தான் மாறும் என்னும் உண்மை எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஐந்து சப்பாத்தியை மருந்துபோல் எண்ணி விழுங்கினேன். மாத்திரையும் உண்டு. சர்க்கரை ஓரளவு இறங்கி, ஒரு படியில் வந்து நின்றுகொண்டது. உணவுக்குப் பின் 220, 230 என்றே காட்டியது. டாக்டர் மாத்திரையைக் கூட்ட வேண்டுமென்றார்.

அந்நாளில் எங்களுக்கு அடுத்த குடித்தனத்தில் எண்பது வயதைக் கடந்த மராட்டியப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நான் அவரைக் காகா என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். மதராஸியை அண்ணா என்பதுதானே இவ்வூர் மரபு, வயது எதுவாயினும். அவர் இரவு உணவு முடிந்ததும் மாடித் தாழ்வாரத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு மெதுவாக நடப்பார். மழையாயினும் குளிராயினும் தவறியதில்லை. ஒரு நாள் கேட்டேன். “சதபாவலி, அண்ணா. உண்டபின் நூறு அடி. என் ஆஜி சொல்லிக் கொடுத்தது” என்றார். அவருடைய பாட்டியார் சொன்ன அதே அறிவுரை நம் சித்த மருத்துவ மரபிலும் உண்டு. நாம்தான் பழமொழியின் உறக்கப் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

“அதனால் சர்க்கரை குறையுமா காகா?” என்று கேட்டேன். “எனக்குத் தெரியாது. நீங்கள் கணக்குத் துறை அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்றார். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்க்கும் கருவி என்னிடம் இருந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே உணவு: இரண்டு கரண்டி சோறு, சாம்பார், கோவைக்காய்க் கறி, மோர். மூன்று வாரம் உண்டபின் வழக்கம்போல் படுத்தேன். மூன்று வாரம் இருபது நிமிடம் தாழ்வாரத்தில் நடந்தேன். உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குருதியைப் பார்த்தேன். படுத்த நாள்களில் 238, 226, 241. நடந்த நாள்களில் 189, 181, 196. இஃது ஆராய்ச்சி ஆகாது. ஒரு குமாஸ்தாவின் பேரேடு. ஆயினும் ஐந்தொகை தெளிவாக இருந்தது. ஏறத்தாழ 45 புள்ளி எங்கே போயிற்று? அதை யார் எடுத்துக்கொண்டார்கள்?

இந்தக் கேள்வி என்னை நூலகத்திற்குத் துரத்தியது. படித்ததில் எனக்குப் புரிந்ததை எளிய முறையில் சொல்கிறேன்.

நம் குருதி முழுவதிலும் எந்நேரமும் கரைந்திருக்க வேண்டிய சர்க்கரை ஏறத்தாழ ஐந்து கிராம்தான், ஒரு தேக்கரண்டி. ஒரு வேளைச் சோற்றிலிருந்து வருவதோ அதைப்போல் பதினைந்து மடங்கு, இருபது மடங்கு. இவ்வளவும் குருதியிலேயே தங்கினால் நாம் ஒரு நாளும் பிழைத்திருக்க மாட்டோம். எனவே வந்த சரக்கை உடனுக்குடன் கிடங்குகளுக்கு அனுப்ப வேண்டும். கிடங்குகள் முக்கியமாக இரண்டு. ஒன்று கல்லீரல்; ஏறத்தாழ நூறு கிராம் கொள்ளும். மற்றொன்று எலும்புகளைப் பற்றிய தசை. எல்லாத் தசையும் சேர்ந்து முந்நூறு, நானூறு கிராம் வரை கொள்ளும். இரண்டும் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாகக் கோத்து வைக்கின்றன. ஆனால் இவ்விரு கிடங்குகளுக்கும் குணத்தில் பெரிய வேறுபாடு உண்டு. கல்லீரல் வள்ளல், நாம் பட்டினி கிடக்கும்போது தன் இருப்பை உடைத்துக் குருதிக்குத் திருப்பிக் கொடுக்கும். தசை கருமி. சர்க்கரையை மீண்டும் குருதிக்குள் விடுவதற்கு வேண்டிய நொதி அதனிடம் இல்லை. உள்ளே போனது போனதுதான். அத்தசை உழைத்தால்தான் அது செலவாகும். உழைக்காத தசையின் கிடங்கு நிரம்பியே இருக்கும். நிரம்பிய கிடங்கில் புதுச் சரக்கை எங்கே இறக்குவது?

கடுமையாக உழைக்கும்போது மட்டும் தசை ஒரு சிறு ஈகை செய்கிறது. சர்க்கரையைப் பாதி எரித்து லாக்டிக் அமிலமாக வெளியே விடுகிறது. கல்லீரல் அதை வாங்கி மறுபடியும் சர்க்கரையாக்குகிறது. பிராகாவில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்னும் கணவனும் மனைவியும் கண்டறிந்த சுழற்சி இது. கிளைக்கோஜன் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கண்டதற்காக இருவருக்கும் 1947-இல் நோபெல் பரிசு கிடைத்தது; மருத்துவத்திற்கான அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி கெர்ட்டி அம்மையாரே.

இனிக் கதவுக்கு வருவோம். சர்க்கரை தசைக்குள் தானாக நுழையாது. தசையணுவின் சுவரில் அதற்கெனக் கதவுகள் வேண்டும். அக்கதவுகள் சாதாரணமாகச் சுவரில் இருப்பதில்லை. அணுவின் உள்ளே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கணையத்திலிருந்து இன்சுலின் வந்து வெளியே தட்டியதும் அவை சுவருக்கு வந்து பொருந்துகின்றன. நீரிழிவில் என்ன நேர்கிறது? இன்சுலின் தட்டுகிறது, உள்ளே கேட்பதில்லை. பூனாவில் பகல் இரண்டு மணிக்குக் கடைக் கதவைத் தட்டும் வாடிக்கைக்காரனின் நிலைதான் அதற்கு. ஆனால் கடைக்காரருக்கே ஒரு படி பருப்பு வேண்டுமானால்? யாரும் தட்டாமலே எழுந்து வந்து அவரே கதவைத் திறப்பார். தசையும் அப்படியே. அது சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது, இன்சுலினை எதிர்பாராமல், வேறொரு சமிக்ஞையால் அதே கதவுகளைச் சுவருக்குக் கொண்டுவருகிறது. இந்த இரண்டாம் வழி நீரிழிவுக்காரனிடத்திலும் பெரும்பாலும் பழுதுபடாமல் இருக்கிறது. நான் தாழ்வாரத்தில் நடந்தபோது காணாமற்போன 45 புள்ளிகளின் மர்மம் இதுவே. மேலும், வேலை நின்ற பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை, தசை இன்சுலினின் தட்டலைக் கூர்மையாகக் கேட்கிறதாம். அதனால்தான் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடலாகாது என்கிறார்கள்.

இந்த உண்மையின் முதல் சாட்சி ஒரு குதிரை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1887-இல் பிரான்சு நாட்டில் ஷோவோ என்னும் கால்நடை மருத்துவ அறிஞரும் அவருடன் ஆராய்ந்த காஃப்மன் என்பவரும், குதிரை தீனி மெல்லும்போது அதன் தாடைத் தசைக்குள் போகும் குருதியையும் அதை விட்டு வெளிவரும் குருதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மெல்லும் தசை, சும்மா இருக்கும் தசையைக் காட்டிலும் மிகுதியாகச் சர்க்கரையை உறிஞ்சுவதைக் கண்டார்கள். கனடாவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தது 1921-இல். அஃதாவது, முன்வாசலில் தட்டுபவர் யார் என்று உலகம் அறிவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் முன்னரே, உள்ளிருந்து கதவைத் திறப்பவனைக் குதிரை காட்டிக்கொடுத்துவிட்டது.

பிரான்சும் கனடாவும் இருக்கட்டும். என் கேள்விக்குரிய மறு பாதி விடை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது என்பதை அறிந்தபோதுதான் எனக்கு வெட்கமாயிற்று. ராஸ்தா பேட்டையில், முதலியார் ஒருவரின் பெயரைத் தாங்கிய சாலையில், 1912-இல் தோன்றிய கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது. நான் ஆயிரம் முறை அதைக் கடந்து காய்கறி வாங்கப் போயிருக்கிறேன். அங்கே நீரிழிவுப் பிரிவை நடத்திய டாக்டர் சித்தரஞ்சன் யாக்ஞிக், மெலிந்த இந்தியனுக்கு ஏன் இந்நோய் வருகிறது என்பதையே தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 1993-இல் தொடங்கி, பூனாவுக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் தாய்மார்களையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் அவருடைய குழுவினர் பின்தொடர்ந்து அளந்தார்கள். 2003-இல் வெளிவந்த அக்கணக்கின்படி அக்குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை குறைவு என்பது நமக்கு முன்பே தெரியும். புதுமை என்னவென்றால், குறைந்தது எது என்பதுதான். தசை மிகவும் குறைவு. தோலுக்கடியில் உள்ள கொழுப்போ அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த குழந்தை, ஆனால் உள்ளே கொழுத்த குழந்தை.

மறு ஆண்டு, 2004-இல், லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. டாக்டர் யாக்ஞிக்கும் அவருடைய ஆங்கில நண்பர் டாக்டர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்திற்கேற்ற எடை என்று கணக்கிடும் எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பின் கொழுப்பை அளந்தால், ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2. யுட்கின் நெடுந்தொலைவு ஓட்டக்காரர். தம்முடைய உடற்பயிற்சியெல்லாம் மின்தூக்கியின் கதவு சாத்துமுன் ஓடிப் பிடிப்பதுதான் என்ற பொருளில் யாக்ஞிக் தம்மையே கேலி செய்துகொண்டிருந்தார். அப்படத்தைப் பார்த்தபோது என் டாக்டர் என் கையையும் வயிற்றையும் பற்றிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. என் தந்தையார் குச்சியாகத் தெரிந்தார். ஆனால் சைக்கிள் மிதித்த வரையில் அவருடைய காலில் ஒரு கிடங்கு இயங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் தூணில் சாய்த்துவிட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு எனக்கு உற்சாகம் மிகுந்துவிட்டது. அதன் விளைவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பார்வதி மலைப் படிகளைக் காலையில் ஏறலானேன். ஒரு நாள் காபி மட்டும் குடித்துவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஏறினேன். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகை மாத்திரை அது. பாதிப் படியில் கை நடுங்கியது, வியர்வை கொட்டியது, எதிரே வந்தவர் இருவராகத் தெரிந்தார். முன்வாசலிலும் திறப்பு, உள்ளிருந்தும் திறப்பு. குருதியில் சர்க்கரை வற்றிவிட்டது. படியில் அமர்ந்துவிட்டேன். கல்லூரி மாணவி ஒருத்தி, “காகா, காய் ஜாலே?” என்று ஓடி வந்து, பையிலிருந்த வேர்க்கடலைச் சிக்கியைக் கொடுத்தாள். அவள் யாரோ, இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். கால் மணி நேரம் கழித்து வீட்டில் பார்த்தபோதும் 72-தான். மாத்திரை சாப்பிடுவோர், இன்சுலின் போட்டுக்கொள்வோர் புதிதாக உடலுழைப்பைத் தொடங்குமுன் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதும், சட்டைப்பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும் என்பதும் அன்று எனக்கு விளங்கிற்று. காலில் பொருந்தும் செருப்பும், இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் தந்தையார் விட்டுச் சென்ற பாடம்.

2019 ஜூலையில் எனக்கு வேறொரு பரீட்சை வந்தது. மழையில் அதே படிகளில் வழுக்கி வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. உணவு அதே, உண்மையில் குறைவு. மாத்திரையும் அதே. ஆனால் 118 என்றிருந்த வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றாம் வாரத்தில் 150-ஐத் தாண்டிற்று. கட்டைப் பிரித்த அன்று என் மனைவி தையல் நாடாவால் தொடைகளை அளந்தாள். இடது 46 சென்டிமீட்டர்; வலது 42. அளந்துவிட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் வெளியே வரவில்லை. என் தந்தையாரின் காலை அவளும் பார்த்தவள்.

கட்டோடு கிடந்த நாள்களில் நன்றாக இருந்த இடக்காலாவது சும்மா இருக்க வேண்டா என்று, அவளுடைய தையல் இயந்திரத்தின் மிதிபலகையை நூலில்லாமல் மிதித்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். 2022-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்து ஹாமில்டன் குழுவினர், அமர்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் கெண்டைக்காலின் அடித்தசை நீண்ட நேரம் சர்க்கரையை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று எழுதினார்கள். சிறிய ஆராய்ச்சிதான், என்றாலும் செய்தியை வெட்டி என் மகனுக்கு அனுப்பிவைத்தேன். வலக்காலை மீட்கத்தான் நான்கு மாதம் பிடித்தது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, முதல் நாள் மூன்று முறை, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, பிறகு படி. தொடை 45-க்கு வந்தபோது சர்க்கரையும் பழைய இடத்துக்குத் திரும்பியது. நடப்பது சர்க்கரையை அப்போதைக்கு எரிக்கும். தசையை வளர்ப்பது கிடங்கையே பெரிதாக்கும். இரண்டும் வேண்டும் என்பதை என் தொடை எனக்குக் கற்பித்தது.

உழைப்பினால் வந்த நோயைக் கட்டலாம், வராமல் தடுக்க முடியுமா என்று கேட்கலாம். சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் இதை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். நோயின் எல்லையில் நின்ற 531 பேர். சும்மா விடப்பட்டவர்களில் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேர் நோயாளி ஆனார்கள். உணவையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களில் 39 பேர். முற்றும் தடுத்ததாகச் சொல்ல முடியாது. நூற்றில் பதினாறு பேர் தப்பினார்கள். 2023-இல் வெளியான கணக்கின்படி இந்நாட்டில் நீரிழிவுக்காரர் 10 கோடிக்கு மேல் என்றால், அந்தப் பதினாறு சிறிய எண்ணாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த 2023-இல்தான் என் மகள் தலைச்சன் பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஹிஞ்சவாடியில் கணினி வேலை. பத்து மணி நேரம் நாற்காலி. ஆறாம் மாதத்தில் அவளுக்கும் சர்க்கரை காட்டிற்று. கருவுற்ற காலத்தில் மட்டும் தோன்றும் வகை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பா, தாத்தாவுக்கு வந்ததுதானே இது?” என்று கேட்டாள். எனக்கு நா எழவில்லை. மறுநாள் மருத்துவ அம்மையாரிடம் நானும் உடன் போனேன். நடக்கலாமா என்று நான் கேட்டேன். “நடக்கத்தான் வேண்டும். மூன்று வேளையும் உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம், மூச்சு வாங்காமல்” என்றார்.

காகா அதற்கு மூன்றாண்டு முன்பே மறைந்துவிட்டார். ஆனால் தாழ்வாரம் இருந்தது. அன்று இரவு முதல் அப்பனும் மகளும் அந்தப் பலகைத் தளத்தில் கோடிக்குக் கோடி நடந்தோம். முதல் வாரம் அவள் பேசவே இல்லை. பிறகு தாத்தாவைப் பற்றிக் கேட்டாள். சைக்கிளைப் பற்றிக் கேட்டாள். நான் யாரிடமும் சொல்லாத, மருத்துவமனையில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் அவளிடம் சொன்னேன். இன்சுலின் ஊசி தேவைப்படாமலே மாதம் நிறைந்தது. பெண் குழந்தை. செவிலி எடையைச் சொன்னாள்: 2 கிலோ 700 கிராம். அந்த எண்ணைக் கேட்டதும் நான் மட்டும் சற்றுத் திடுக்கிட்டேன். ஆறு கிராமத்துக் குழந்தைகளின் சராசரி அல்லவா அது? வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது, நானும் சொல்லவில்லை.

இப்போது குழந்தை நன்றாக நடக்கிறாள். இரவு உணவு முடிந்ததும் எங்களுக்கு முன்னே தாழ்வாரத்துக்கு ஓடி வந்து, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நிற்கிறாள். அடிகளை அவள்தான் எண்ண வேண்டும் என்பது உத்தரவு. பன்னிரண்டு வரை சரியாக எண்ணுகிறாள். பதின்மூன்று அவளுக்கு வராது. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். ஆகவே எங்கள் வீட்டில் நூறு அடி முடிய வெகு நேரமாகிறது.